காலியாகக் கிடக்கும் பத்திகள்: நான்கு சுவிசேஷங்களின் ஒப்பீட்டுப் பதிப்பு

பெரிய வெள்ளி என்றாலே சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். சின்ன வயதிலிருந்து வரிசையாக மனப்பாடம். ஆனால் அந்த ஏழும் எந்த ஒரு சுவிசேஷத்திலும் சேர்ந்து கிடையாது. மத்தேயுவுக்கும் மாற்குவுக்கும் பொதுவாக ஒன்று, லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று. யாரோ எப்போதோ சொல்லிக் கேட்டதுதான், இருந்தாலும் நான்கு சுவிசேஷங்களையும் பத்தி பத்தியாக அடுத்தடுத்து அச்சடித்த இந்தப் புத்தகத்தை வாங்கி, முதல் நாளே சிலுவைப் பக்கத்தைத் திறந்தபோதுதான் உறைத்தது. மாற்கு பத்தியில் ஒரே ஒரு கதறல். அதற்கு மேலும் கீழும் இயேசு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இத்தனை வருடம் அந்தக் கதறலோடு மற்ற ஆறையும் நானே சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்கு மாதமாகத் தினமும் புரட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புத்தகத்தின் அமைப்பு எளிமையானது. விரித்து வைத்தால் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நான்கு பத்திகள். ஒரே சம்பவத்தை எத்தனை பேர் சொல்கிறார்களோ அத்தனை பேரின் வரிகளும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி கோத்திருக்கிறார்கள். ஒருவர் அதைச் சொல்லவில்லையென்றால் அவர் பத்தி வெறுமையாகவே இருக்கும். இது பழைய யோசனைதான். இரண்டாம் நூற்றாண்டில் தாதியான் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் நான்கையும் பிரித்துக் கோத்து ஒரே கதையாக்கினார், சிரியாக் மொழி பேசிய சபைகள் அதைத்தான் ஐந்தாம் நூற்றாண்டு வரை வாசித்தன. நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் என்ற சபை வரலாற்று ஆசிரியர் வேறு வழியில் போனார். எந்தப் பகுதி யார் யாரிடம் ஒத்து வருகிறது என்று பத்து அட்டவணைகள் போட்டுக்கொடுத்துவிட்டு, சுவிசேஷங்களைத் தொடாமல் விட்டார். இந்தப் பதிப்பு யூசேபியஸ் பக்கம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பக்கத்தைச் சொல்கிறேன். உயிர்த்தெழுதலை விட்டுவிட்டால் நான்கு பேரும் சொல்லும் அற்புதம் இது ஒன்றுதான், அதனால் நான்கு பத்தியும் நிறைந்திருக்கும் அபூர்வமான பக்கம். மத்தேயுவில் ஜனங்கள் 'புல்லின்மேல்' உட்காருகிறார்கள். அதே மட்டத்தில் மாற்குவில் 'பசும்புல்லின்மேல்'. ஒரு நிறம், அவ்வளவுதான். ஆனால் மாற்கு பத்தியில் நாலைந்து வசனம் மேலே போனால், ஜனங்கள் 'மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல' இருந்ததால் இயேசு மனதுருகினார் என்று இருக்கிறது. மேய்ப்பன், பசும்புல், வயிறார உணவு: இருபத்துமூன்றாம் சங்கீதம் அப்படியே கண்முன் வந்துவிடுகிறது. அப்புறம் யோவான் பத்திக்கு வந்தால் ஒரு பையன், அவன் கையில் வாற்கோதுமை அப்பங்கள். வாற்கோதுமை என்று சொல்வது யோவான் மட்டும்தான். பழைய ஏற்பாட்டில் எலிசா தீர்க்கதரிசி நூறு பேருக்குக் கொடுத்ததும் வாற்கோதுமை அப்பம்தான். பஸ்கா பண்டிகை சமீபமாயிருந்தது என்பதையும் யோவான்தான் சொல்கிறார், அதே அதிகாரத்தில் 'ஜீவ அப்பம் நானே' வரப்போகிறது. மத்தேயுவின் கடைசி வரியில் மட்டும் 'ஸ்திரீகளும் பிள்ளைகளும் தவிர' என்று இருக்கிறது, அதற்கு நேராக மற்ற மூன்று பத்திகளிலும் எதுவும் இல்லை. ஒரு சம்பவத்துக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தனித்தனியாக வாசித்த காலத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனாலும் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவை காலிப் பத்திகள்தான். நல்ல சமாரியன், கெட்ட குமாரன், சகேயு மூன்றும் லூக்காவில் மட்டும். மற்ற பத்தியெல்லாம் வெள்ளை. மலைப்பிரசங்கத்தில் மத்தேயு 'ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்' என்கிறார், லூக்கா நேராக முகத்தைப் பார்த்து 'தரித்திரராகிய நீங்கள் பாக்கியவான்கள்' என்கிறார். அதோடு விடாமல் 'ஐசுவரியவான்களாகிய உங்களுக்கு ஐயோ' என்றும் தொடர்கிறார். அந்த வரிக்கு நேராக மத்தேயுவில் ஒன்றுமில்லை. ஏழைகள்மேல் லூக்காவுக்கு அக்கறை அதிகம் என்று பிரசங்கத்தில் கேட்டால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். இங்கே அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. கடைசி இராப்போஜனத்தில் அப்பமும் பாத்திரமும் மூன்று பத்திகளில் இருக்க, யோவான் காலி. அவர் அந்த இராத்திரிக்கு வைத்திருப்பது சீஷர்களின் காலைக் கழுவும் ஆண்டவரை.

சிலுவையடியில் நிற்கும் நூற்றுக்கு அதிபதி என்ற ரோமப் படை அதிகாரியையும் சொல்லாமல் விட முடியாது. மாற்குவில் அவன் 'மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்' என்கிறான். அதுவரை மாற்கு சொல்லும் கதைக்குள் அப்படிச் சொன்னது வானத்துச் சத்தமும் பிசாசுகளும்தான். ஒரு மனிதன் வாயிலிருந்து வருவது இதுவே முதல் முறை, அதுவும் அவர் கதறிச் செத்ததைப் பார்த்த பிறகு. லூக்காவிலோ அதே ஆள் 'நீதிபரன்' என்கிறான். ஏன் என்று பத்தியின் மேலே தேடினேன்: பிலாத்து மூன்று தடவை குற்றமில்லை என்கிறான், கூடத் தொங்கும் கள்ளனும் அதையே சொல்கிறான். லூக்கா காட்டும் மரணம் குற்றமற்றவரின் மரணம். மாற்குவுக்கோ இயேசு யார் என்பது சிலுவைக்கு முன்னால் எந்த மனிதனுக்கும் முழுதாக விளங்குவதில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை அடிக்குறிப்புகள். பத்திகளைத் தொடாமல் விட்ட பதிப்பாசிரியர் பக்கத்தின் அடியில் சமாதானம் சொல்லப் பார்க்கிறார். 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற வரிக்கு, இது இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி, அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது, ஆகவே இது அவநம்பிக்கை இல்லை என்று ஒரு குறிப்பு. சங்கீதம் அப்படி முடிவது உண்மைதான். ஆனால் மாற்கு முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறார், அந்த இடத்தில் நம்மை நிற்கவிட வேண்டாமா? கைவிடப்பட்டதாக உணர்ந்து உடைந்துபோன ஒருவருக்கு அந்த வரி அப்படியே வேண்டும், அவசரமாக ஆறுதல் பூசாமல்.

இரண்டாவது, மாற்கு பதினாறாம் அதிகாரம். சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி ஆகிய நான்காம் நூற்றாண்டுப் பிரதிகள் இரண்டிலும் சுவிசேஷம் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது: கல்லறைக்கு வந்த பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயந்ததால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பதிப்பில் ஒன்பது முதல் இருபது வரை அதே எழுத்தில், ஒரு கோடுகூட இல்லாமல் தொடர்கிறது. இத்தனை குறிப்பு எழுதியவர்கள் இதற்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

காகிதமும் மெலிசு. பின்பக்க எழுத்து காலிப் பத்திகளில் நிழலாகத் தெரிகிறது. வேறு புத்தகம் என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவேன், இதில் அந்த வெறுமை பளிச்சென்று தெரிந்தால்தான் வேலை நடக்கும். நான் ஒரு வெள்ளைத் தாளை அடியில் செருகிக்கொண்டு வாசிக்கிறேன். விரித்து வைத்தால் நிற்பதும் இல்லை, கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எழுத்தும் பொடி, வயதானவர்களுக்குச் சிரமம்.

முதல் தடவையாகச் சுவிசேஷம் வாசிக்கப்போகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். பதினாறே அதிகாரம், மாற்குவை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே பல தடவை வாசித்து, எல்லாம் தெரியும் என்று பழகிப்போனவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கியதும் முதல் சில வாரம் அடிக்குறிப்புகளை ஒரு தாள் வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போதும் மறைத்தபடிதான் வாசிக்கிறேன்.