பாப்பாவுக்கு ஏடிவி, கயிறு இழுக்க அப்பா

"மாமா, பாப்பாவோட வண்டி இப்ப எப்படிங்க ஓடுது? விலை இறங்கியிருக்குது, பையன் பொறந்த நாளுக்கு எடுத்திரலாமா?" என்று மச்சான் போனில் கேட்ட நேரம் சரியில்லை. எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் ஸ்டார்ட்டர் கயிறு மறுபடியும் அறுந்து, மாற்றிக்கொண்டு வந்து அப்போதுதான் வண்டியை டெம்போவிலிருந்து இறக்கியிருந்தேன். அவனிடம் சொன்னதில் பாதி கோபம். மீதியையும் சேர்த்து நிதானமாக எழுதுகிறேன், அவனைப் போல யோசிக்கிறவர்களுக்கும் ஆகும்.

பாப்பாவின் வண்டி ஒரு ஏடிவி, அதாவது மண்தரையில் ஓட்டும் குட்டி நாலு சக்கர வண்டி. 49 சிசி, டூ ஸ்ட்ரோக், கியர் இல்லை. ஆன்லைனில் ஏழெட்டு பெயரில் விற்கிற அதே சீன எஞ்சின்தான். வாங்கி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பாப்பாவுக்கு அப்போது எட்டு வயது. ஓட்டமெல்லாம் பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குள் மட்டும்.

கயிற்றுக்கு வருகிறேன். செல்ஃப் இல்லாத மலிவு மாடல் இது. சோக்கைப் போட்டு, கைப்பிடியை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் கம்ப்ரஷன் கனமாகத் தட்டும். அங்கிருந்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். முழு நீளத்துக்கு இழுத்தாலும் போச்சு, இழுத்த கையோடு கைப்பிடியை விட்டாலும் போச்சு. கூடவே கொண்டுபோய் உள்ளே சேர்க்க வேண்டும். பெரியவர்கள் இதை ஒரு நாளில் பழகிவிடலாம். குழந்தைக்குக் கை நீளமும் பத்தாது, பலமும் பத்தாது. ஆறு வயதுக்கு மேல் என்று பெட்டியில் அச்சடித்தவன் எந்த ஆறு வயதுப் பிள்ளையை இழுக்கச் சொல்லிப் பார்த்தானோ!

கையில் மாட்டிக்கொள்ளும் சிவப்பு வார் ஒன்று உண்டு. குழந்தை கீழே விழுந்தால் அதன் கிளிப் கழன்று எஞ்சின் தானாக நின்றுவிடும். ஒருநாள் வாய்க்கால் வரப்பில் ஏறி, அவள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் எப்போதோ நின்றிருந்தது. அந்தக் கிளிப்புக்குக் கோயிலே கட்டலாம். ஆனால் அணில் பார்க்க இறங்கினாலும் அதே கிளிப் கழலும். உடனே தோப்பின் கடைசி வரிசையிலிருந்து, "அப்பா, இழுத்து விடுங்கப்பா!" காய் எண்ணிக்கொண்டிருக்கிறவன் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். சூடான எஞ்சின் அவ்வளவு லேசில் எடுக்காது, அது வேறு.

ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். எஞ்சினைக் கவ்விச் சுற்ற வேண்டிய கொக்கிகள் பிளாஸ்டிக். அது மழுங்கினால் கயிறு சும்மா வரும், எஞ்சின் அசையாது. விற்றவரிடம் கேட்டால் "ஸ்டாக் இல்லைங்க சார்" என்பதோடு சரி. பைக் மெக்கானிக்குகள் கிட்டவே வரவில்லை. கடைசியில் கைகொடுத்தது புல் வெட்டும் பிரஷ் கட்டர் ரிப்பேர் பார்க்கிற கடை. "கட்டர் எஞ்சினாட்டந்தானுங்க இதும்" என்று சொல்லி, உலோகக் கொக்கி வைத்த ஸ்டார்ட்டரை வரவழைத்துப் போட்டுக்கொடுத்தார். இந்தத் தடவை கயிறு ஏன் அறுந்தது என்றும் அவர்தான் விரலை வைத்துக் காட்டினார். கயிறு வெளியே வரும் வாயில் ஒரு பிசிறு. அரத்தால் நாலு தேய்ப்பு, வேலை முடிந்தது. தொழிற்சாலையில் யாராவது அந்த நாலு தேய்ப்பைத் தேய்த்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பெட்ரோல் விஷயமும் கட்டர் மாதிரியேதான். லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் கலக்க வேண்டும், அதாவது 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் சும்மா நிறுத்திவைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பிரேமில் ஒரு வெல்டிங் விடவில்லை. பிரேக் கச்சிதம். ஆக்சிலேட்டரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு இருக்கிறது. அமெரிக்கத் தரவிதியில் ஆறு வயது வகை வண்டி மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, பெற்றோர் அதை 16க்குள் அடக்கிவைக்க வழியும் இருக்க வேண்டும். அந்தத் திருகை நான் இன்னும் முழுசாகத் தளர்த்தவில்லை. அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கம் 16 வயது வரை ஏடிவியே வேண்டாம் என்கிறது என்பதையும் மச்சான் தெரிந்துகொள்ளட்டும். பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், வேகமாகத் திருப்பினால் வண்டி வளையாமல் நேராகவே போகப் பார்க்கும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் பாப்பாவின் காது. ஒருநாள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, "சத்தம் மாறுதுப்பா, பெட்ரோல் தீருது" என்றாள். திறந்து பார்த்தால் டேங்க் காலி. தீரப்போகும் நேரத்தில் டூ ஸ்ட்ரோக் ஒரு கணம் உச்சஸ்தாயிக்குப் போகும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பிளக்கைக் கழற்றிக் கரி துடைப்பதும் இப்போது அவள் வேலைதான். வேறெந்தப் பொம்மையும் அவளை இவ்வளவு நாள் பிடித்துவைத்ததில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, மச்சானுக்கு என் பதில்: வேண்டாம். அவன் இருப்பது திருப்பூரில், தோப்பு கிடையாது. "நம்ம சந்துலதானுங்க மாமா" என்கிறான். சந்தும் பொது இடம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. பேசாமல் நல்ல கியர் சைக்கிளாக எடுத்துக்கொடு, பையன் கயிறு இழுக்க உன்னைக் கூப்பிட மாட்டான். இல்லை, வண்டிதான் வேண்டும், ஓட்ட இடமும் பிடித்துவிட்டேன் என்றால் செல்ஃப் உள்ளதைப் பார். தள்ளுபடியில் மிச்சமாவதைக் குழந்தை அளவு ஹெல்மெட்டுக்கு எடுத்து வை. என் ஹெல்மெட்டைப் போட்டால் அவன் மூக்கு வரை இறங்கிவிடும்.