வண்டி குறைந்த மலைச்சாலை: கொல்லங்கோடா, அச்சன்கோவிலா, மறையூரா?

வண்டித் தொந்தரவு இல்லாமல், காடும் மலையும் பழைய ஊர்களும் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் சைக்கிள் மிதிக்க எங்கே போகலாம் என்று கோவை, மதுரைப் பக்கமிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளிநாடுகளில் கைவிட்ட ரயில் தடத்தைச் சைக்கிளுக்கென்றே ஒதுக்கியிருப்பார்கள். தமிழக, கேரள எல்லையில் அப்படி எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் வண்டி குறைந்த சாலைகள்தான். அதிலும் இரண்டு ரகம். வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே வளைந்து போவதால் வண்டிகள் நிதானமாக ஓடும் சாலை ஒன்று. காட்டுக்குள் போவதால் எப்போதாவது ஒரு வண்டி வரும் சாலை இன்னொன்று. படம் எடுத்தால் இரண்டாவதுதான் அழகு. ஆனால் காட்டுச் சாலையில் வண்டி இல்லை என்றால், வேறு யாரோ அதில் நடமாடுகிறார்கள் என்று பொருள். அதனால் நான் முதல் ரகத்தின் கட்சி.

பெயர் பெற்ற சில பாதைகளை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடலாம். வாளையார் வழி நான்குவழிச் சாலை, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கம்பமெட்டும் போடிமெட்டும் பார்க்க அருமை. ஆனால் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் காலையும் மாலையும் அந்த வளைவுகளில் பறப்பதைப் பார்த்தவர் சைக்கிளோடு அங்கே போகமாட்டார். வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கும் பாதைக்கு ஈடான காடு இந்தப் பக்கம் இல்லைதான். ஆனால் சோதனைச்சாவடியில் உள்ளே போகும் நேரத்தைக் குறித்துச் சீட்டு தருவார்கள், அந்த நேரத்துக்குள் மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். அது மோட்டார் வண்டிக்குப் போட்ட கணக்கு. ஏற்றத்தில் மூச்சுவாங்கி நிற்கிறவனுக்கு ஒத்துவராது.

மிச்சம் மூன்று. எங்கள் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகாக்காரன், கொஞ்சம் ஒருதலைப்பட்சம் இருக்கும். கழித்துக்கொண்டு படியுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினால் எல்லை தாண்ட இரண்டு வழி. கோவிந்தாபுரம் வழியாகப் போனால் முதலமடை, கொல்லங்கோடு, நெம்மாறை. மீனாட்சிபுரம் வழியாகப் போனால் பிளாச்சிமடை, வண்டித்தாவளம், சித்தூர். கொல்லங்கோடு 35 கிலோமீட்டர் அளவுதான் வரும். இடது கைப்பக்கம் தென்மலைச் சுவர் கூடவே வரும், கீழே நெல்வயலும் பனையும். முதலமடை மாந்தோப்புகள் முடிகிற இடத்தில் ஆலமரங்கள் மூடிய ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார அதைவிட நல்ல இடம் இந்தத் தடத்தில் கிடையாது.

இங்கே உள்ள பெரிய வசதி, முதன்மைச் சாலையை விட்டு விலகவும் வழி இருப்பதுதான். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வரும் தண்ணீரை மூலத்தறையில் தடுத்து, இடக்கரை வலக்கரைக் கால்வாய்களில் பிரித்துவிடுகிறார்கள். அந்தக் கால்வாய்களை ஒட்டியும் கிளைவாய்க்கால்களை ஒட்டியும் ஓடும் சின்னச் சாலைகள் வண்டியில் போகிறவர்களுக்குச் சுற்று வழி, நமக்கு நேர்வழி. சில இடத்தில் தார், சில இடத்தில் செம்மண். மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் இதற்குச் சரிப்படாது. வழி தப்பினாலும் கவலையில்லை. கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடைப் பக்கம் பாதிப் பேர் வீட்டில் தமிழ்தான். நின்று கேட்டால் வழி சொல்வதோடு மோரும் வரும்.

பழைய ஊர் என்று பார்த்தால் இந்தப் பாதைக்கு இணை சொல்வது கஷ்டம். சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில், மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லும் குருமடம் இருக்கிறது. அதை ஒட்டியே அக்ரகாரத் தெரு. அங்கிருந்து பாலக்காடு போய்விட்டால் கல்பாத்தி. தமிழ் பேசிக்கொண்டே பல தலைமுறையாகக் கேரளத்தில் வாழும் குடும்பங்களின் தெரு, கேரள அரசு பாரம்பரிய கிராமமாக அறிவித்த இடம். ஐப்பசிக் கடைசியில் நடக்கும் தேரோட்டத்தின்போது மட்டும் சைக்கிளைத் தூர நிறுத்திவிடுங்கள், நடக்கவே இடம் இருக்காது. எல்லாப் பழமையும் கோயில் பழமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிளாச்சிமடையில் 2000இல் திறந்த கோகோ கோலா ஆலைக்கு எதிராக, நிலத்தடி நீருக்காக அந்த ஊர்ப் பழங்குடிப் பெண் மயிலம்மா முன்னின்று நடத்திய போராட்டம் 2002இல் தொடங்கியது. 2004இல் ஆலை நின்றது. மதிலைக் கடந்து மிதிக்கும்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் நான் ஒரு நிமிடம் நிற்பேன்.

குறை என்ன? மலை பக்கத்திலேயே நிற்கும், காலில் படாது. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நெம்மாறை, போத்துண்டி வழியாக நெல்லியாம்பதி. ஏற்றம் தொடைக்கு நல்ல வேலை கொடுக்கும், மேலே தேயிலையும் அரசு ஆரஞ்சுப் பண்ணையும் உண்டு. பிற்பகலுக்கு மேல் சோதனைச்சாவடியில் விடமாட்டார்கள், அதனால் விடிந்ததும் ஏறிவிட வேண்டும். இன்னொன்று, கொல்லங்கோடு அழகான கிராமம் என்று கைபேசியில் பெயர் பரவிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வயல் வரப்பு வரை கார் நிற்கிறது. செவ்வாய், புதனில் வாருங்கள்.

அச்சன்கோவில் கதை வேறு. செங்கோட்டையிலிருந்து கேரளத்துக்குள் போக இரண்டு வழி. ஒன்று புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகும் தேசிய நெடுஞ்சாலை. பழைமைக்கு அதில் குறையே இல்லை. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. எல்லை புளியரைக்குப் போய் எத்தனையோ காலமாகியும் பிரானூர் இன்னும் ‘பார்டர்’தான், அங்கே புரோட்டா தின்னாமல் யாரும் மலையேறுவதில்லை. கழுதுருட்டியில் சாலையோரமாகவே பதின்மூன்று கண் ரயில் பாலம் நிற்கிறது. மீட்டர் கேஜ் ஓடத் தொடங்கியது 1904இல், அகலப்பாதை வேலை முடிந்தது 2018இல். புனலூரில் 1877இல் கட்டிய தூக்குப்பாலம் இப்போது நடக்க மட்டும். இவ்வளவும் இருந்தும் சைக்கிளுக்கு இந்தச் சாலையை நான் சொல்லமாட்டேன். புளியரை எஸ் வளைவில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று உங்களை ஒட்டி ஏறும்போது பாலத்தின் அழகெல்லாம் மறந்துபோகும். பாலத்தைப் பார்க்க ரயிலில் போவதே மேல்.

இன்னொரு வழி பண்பொழி, மேக்கரை, அச்சன்கோவில். செங்கோட்டையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பண்பொழி திருமலைக்கோயில் குன்றைச் சுற்றி வயல், மேக்கரையில் அடவிநயினார் அணை, அதைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவு, பிறகு ஒரே காடு. கும்பாவுருட்டி அருவி இந்த வழியில்தான். மூன்று பாதைகளில் வண்டிச் சத்தம் உண்மையிலேயே காதில் விழாத நீண்ட துண்டு இதுதான். அச்சன்கோவிலோடு நிற்காமல் அலிமுக்கு வழியாகப் புனலூருக்கும் இறங்கலாம். அது இன்னும் நீளம், இன்னும் அடர்த்தி, சாலையோ மோசம். ஐயப்பன் கோயில் வரிசையில் குளத்துப்புழையில் பாலகன், ஆரியங்காவில் இளைஞன், அச்சன்கோவிலில் மனைவியரோடு குடும்பஸ்தன் என்பார்கள். மார்கழியில் ஆபரணப்பெட்டி புனலூரிலிருந்து செங்கோட்டை, தென்காசி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் அச்சன்கோவிலுக்குப் போகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கு வழி இந்தப் பக்கம் என்பது சாமிக்கே அப்படி.

மேக்கரை டீக்கடையில் சைக்கிளைப் பார்த்ததும் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: “ஒத்தையில போவாதீய தம்பி. பஸ்ஸு வரட்டும், அது போன பின்னால மிதிங்க.” காரணமாகத்தான் சொல்கிறார்கள். பஸ் போன பாதையில் யானை விலகியிருக்கும், அல்லது பஸ் நின்றுவிட்டால் முன்னால் யானை நிற்கிறது என்று தெரியும். காரில் இருப்பவன் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஏற்றத்தில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில், வேறு சத்தமில்லாமல், வளைவு திரும்பியதும் முன்னால் போய் நிற்கிறவன் நாம். சைக்கிளின் அமைதியைப் பாராட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. காட்டு எல்லையிலேயே யானை நின்றுவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் அடுத்த மாதமே கம்பம் ஊருக்குள் நடந்தது. ஆகவே அச்சன்கோவிலுக்கு இரண்டு பேருக்குக் குறையாமல், வெயில் ஏறிய பிறகு கிளம்பி, மாலை நான்கு மணிக்குள் ஊர் சேர்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழி வேண்டவே வேண்டாம். சபரிமலை வண்டிகள் இந்தப் பாதையிலும் வரும்.

மறையூர் மூன்றிலும் கடினம். உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதிப் பக்கம், ஒன்பதாறு சோதனைச்சாவடி, சின்னாறு, பிறகு மறையூர். மொத்தம் 45 கிலோமீட்டர் அளவு. சின்னாற்றிலிருந்து மறையூர் 16 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறீர்கள். சின்னாறு மழை மறைவுக் காடு. அச்சன்கோவில் ஈரக்காட்டைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் முள்ளும் பாறையும் வெயிலும்தான் தெரியும். நிழல் கிடையாது, தண்ணீர் நாலு லிட்டராவது கட்டிக்கொள்ள வேண்டும். ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணிலைப் பார்க்க முடிந்தால் அது அதிர்ஷ்டம். இரவில் சாலை மூடிவிடும். பகலிலும் யானை நடமாட்டத்தைக் கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். வண்டி ஓட்டம் அச்சன்கோவிலைவிடக் கூடுதல், மூணாறு போகும் சுற்றுலாக் கார்கள் எல்லாம் இதிலேதான்.

இதையும் பட்டியலில் வைத்ததற்குக் காரணம் மேலே இருக்கும் ஊர்கள். மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்லும் தமிழ்க் குடிகள். நெருக்கியடித்துக் கட்டிய வீடுகள், நடுவே ஊர்ப்பொது இடம், சுற்றிலும் படிக்கட்டு வயல். கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில். பாறை மேட்டில் முனியறைகள், பெரிய கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடிய பழங்காலச் சவக்குழிகள். கரும்பாலையில் காய்ச்சும் மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூடாக ஒரு உருண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் காந்தளூர் ஏற்றத்துக்குத் தெம்பு. இரண்டு நாள் மறையூரில் தங்கி ஊர் ஊராக மிதிப்பதுதான் இந்தப் பாதையின் சுகம். கீழிருந்து மேலே மிதித்துத்தான் வர வேண்டும் என்ற வைராக்கியம் இல்லாதவர்கள் சைக்கிளை ஜீப்பில் ஏற்றி மறையூரில் இறக்கிக்கொள்ளலாம். என் கண்ணில் அது ஏமாற்று வேலை அல்ல.

காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பாலக்காட்டுக் கணவாயில் ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து காற்று தள்ளும். கார்த்திகைக்கு மேல் மாசி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று. ஆகவே தை மாதம் பொள்ளாச்சியில் தொடங்கிப் பாலக்காட்டில் முடித்தால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். ஆடியில் அதே பாதையைப் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குத் திருப்பிப் போடுங்கள். செங்கோட்டைக் கணவாயிலும் குற்றாலச் சாரல் காலத்தில் இதே மேல்காற்று. அப்போது பண்பொழியிலிருந்து மேற்கே மிதிப்பது சுவரைத் தள்ளுவதுதான், ரயிலில் புனலூர் போய் அங்கிருந்து திரும்பி வரலாம். ஆனால் அந்தக் கேரளச் சரிவில் அப்போது மழையும் அட்டையும் சேர்ந்து இருக்கும். மறையூருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழை. பங்குனி, சித்திரை வெயிலில் சின்னாற்றுப் பக்கம் போகவே கூடாது, காட்டுத்தீக் காலம்.

தனியாகப் போகும் பெண்கள், முதன்முதலாகப் பை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் யாருக்கும் கொல்லங்கோடு, சித்தூர் வட்டத்தைத்தான் சொல்வேன். பஞ்சர் ஆனால் அடுத்த ஊர் மூன்று கிலோமீட்டரில் இருக்கும், அச்சன்கோவில் காட்டிலோ கைபேசிக்குச் சிக்னலே கிடைக்காது. இரண்டு உபரி டியூப், செயின் இணைப்பு, பம்பு மூன்றும் அங்கே கட்டாயம்.

சென்னைக்காரர்களுக்கு: செங்கோட்டை வரை பொதிகை. உடுமலைப்பேட்டைக்கும் பொள்ளாச்சிக்கும் பழனி வழியாகப் பாலக்காடு போகும் வண்டி. சைக்கிளைப் பார்சல் ஆபீசில் பதிந்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். வண்டி கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது போய்விடுங்கள். சின்ன நிலையங்களில் வண்டி நிற்பது ஒன்றிரண்டு நிமிடம்தான், பின்பெட்டியிலிருந்து சைக்கிளை இறக்க அது போதாது. பொள்ளாச்சி மாதிரிப் பெரிய நிலையத்துக்குப் பதிந்துகொள்ளுங்கள்.