கட்டண ரத்தா, தாய்க்கு உதவித்தொகையா?

ஏழைக் குழந்தையின் படிப்புக்கு அரசு பணம் போட இரண்டு வழிகள்: பள்ளிக்குக் கொடுக்கலாம், குடும்பத்துக்குக் கொடுக்கலாம். கட்டணம் இன்னும் வசூலாகும் நாட்டில் முதல் வழியில் தொடங்குவதே நியாயம். வாசலில் காசு கேட்கும் பள்ளி எல்லோருக்குமான பள்ளி அல்ல.

கென்யா 2003 ஜனவரியில் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்தது. மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,020 ஷில்லிங்கை அரசே பள்ளிக்குத் தந்தது: பாடநூல், நோட்டுகளுக்கு 650, பராமரிப்பு போன்ற பொதுச் செலவுக்கு 370, இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. சேர்க்கை சுமார் 59 லட்சத்திலிருந்து 72 லட்சமானது. ஆசிரியர் எண்ணிக்கை அந்த வேகத்தில் கூடாததால் வகுப்பறைகள் பிதுங்கின. ஆசிரியர் நியமனத்துக்கும் சேர்த்து நிதி ஒதுக்காத ரத்து பாதி வேலைதான்.

பணம் வழியில் கரைவது இன்னொரு ஆபத்து. உகாண்டாவில் 1991-95இல் மாணவர் மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிகளை எட்டியது. பிறகு, மாவட்டங்களுக்கு அனுப்பிய தொகையை அரசு செய்தித்தாள்களில் வெளியிட்டது. பள்ளிகளிலும் ஒட்டச் சொன்னது. கசிவு வெகுவாகக் குறைந்தது.

மெக்சிகோ 1997இல் தொடங்கிய ப்ரோக்ரெசா உதவித்தொகைத் திட்டம் இரண்டாவது வழி. 85 சதவீத வருகை இருந்தால் தாயின் கையில் உதவித்தொகை தந்தது. வகுப்பு உயர உயரத் தொகையும் கூடியது, ஏனென்றால் வளர்ந்த பிள்ளை வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலியும் கூடுகிறது. இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குச் சற்று அதிகம் கிடைத்தது. கட்டண ரத்து மட்டும் இந்தக் கூலி இழப்பை ஈடுகட்டாது. ஆனால் எட்டும் தூரத்தில் பள்ளி இல்லாத ஊருக்கு இப்படிப்பட்ட திட்டம் போகவே முடியாது.