ரெஸ்டாரண்ட் ரிவைட்டலைசேஷன் ஃபண்ட்: கணக்குக்கு முழு மதிப்பெண், வரிசைக்கு இல்லை

கோவிட்டில் விற்பனை இழந்த உணவகங்களுக்காக, சிறுபான்மைக் கடைக்காரர்களுக்கும் முன்னுரிமை தந்து அமெரிக்க அரசு கதவைத் திறந்து வைத்த பெரிய மானியம் 2021-இல் வந்த ரெஸ்டாரண்ட் ரிவைட்டலைசேஷன் ஃபண்ட். மார்ச் 11 அன்று கையெழுத்தான அமெரிக்கன் ரெஸ்க்யூ பிளான் சட்டம் இதற்கு 2,860 கோடி டாலர் ஒதுக்கியது. நடத்தும் பொறுப்பு சிறுதொழில் நிர்வாகமான எஸ்.பி.ஏ.வுக்கு. திட்டம் மூடி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் இன்று ஒரு நகராட்சி மானியத்துக்கோ தனியார் மானியத்துக்கோ போனால் கேட்கப்படும் காகிதங்கள் ஏறக்குறைய அதே காகிதங்கள்தான். எது நன்றாக நடந்தது, எது கெட்டது என்று தெரிந்துகொண்டால் அடுத்த விண்ணப்பம் சுலபமாகும்.

முதலில் பாராட்ட வேண்டியது கணக்கு முறையை. 2019-இன் மொத்த வரவிலிருந்து 2020-இன் மொத்த வரவைக் கழி, கோவிட் காலத்தில் சம்பளச் செலவுக்கென்று வாங்கிய பி.பி.பி. அரசுக் கடனையும் கழி, மிச்சம்தான் மானியம். 2019-இல் 6,20,000 டாலர், 2020-இல் 3,90,000, பி.பி.பி. 70,000 என்றால் கைக்கு வருவது 1,60,000. கட்டுரை எழுத வேண்டாம், வியாபாரத் திட்டம் போட வேண்டாம், தேர்வுக் குழுவின் தயவும் வேண்டாம். இந்தக் கணக்கு 1,000 டாலருக்குக் கீழே வந்தால் மானியம் இல்லை. மேல் வரம்பு ஒரு கடைக்கு 50 லட்சம், ஒரு நிறுவனத்துக்கு 1 கோடி டாலர். 20 கிளைகளுக்கு மேல் உள்ளவர்களுக்கும் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கும் இடமில்லை. 2019 நடுவில் கடை திறந்தவர்களுக்கு மாத சராசரியைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொள்ள வழி இருந்தது.

எளிய கணக்குதான், ஆனால் சறுக்கும் இடங்கள் உண்டு. 2020 வரவில் எஸ்.பி.ஏ.வின் பேரிடர் உதவியான இ.ஐ.டி.எல். பணத்தையும் மாநில, நகராட்சி உதவித் தொகைகளையும் சேர்க்கக் கூடாது. வங்கிக் கணக்கில் விழுந்ததையெல்லாம் வரவாகக் கூட்டியவர்கள் தங்கள் மானியத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். மேலே சொன்ன கடைக்கு 10,000 டாலர் இ.ஐ.டி.எல். முன்பணம் வந்து, அதை விற்பனையோடு சேர்த்து எழுதியிருந்தால் 1,60,000 என்பது 1,50,000 ஆகிவிடும். பி.பி.பி. இரண்டு தவணை வாங்கியிருந்தால் இரண்டையுமே கழிக்க வேண்டும். கடன் தள்ளுபடி ஆகிவிட்டதே என்று விட முடியாது.

இதைவிடச் சிக்கலானது டெலிவரி ஆப் விற்பனை. வாடிக்கையாளர் 100 டாலருக்குச் சாப்பாடு வாங்குகிறார், ஆப் 30 டாலர் கமிஷன் எடுத்துக்கொண்டு 70-ஐ வங்கியில் போடுகிறது. விற்பனை 100 என்று எழுதி, கமிஷன் 30-ஐச் செலவில் காட்ட வேண்டும். பல சின்னக் கடைகளில் வங்கிக்கு வந்த 70-ஐத்தான் வரவு என்று எழுதுகிறார்கள். 2020-இல் உட்கார்ந்து சாப்பிடும் வியாபாரம் நின்று ஆப் வியாபாரம் பெருகியதால், இப்படி எழுதிய கடையின் வரவு உண்மையைவிடக் குறைவாகவும் மானியம் உரியதைவிட அதிகமாகவும் தெரியும். ஆப் கம்பெனி அனுப்பும் 1099-கே வரிப் படிவத்தில் முழு 100-ம் இருக்கும். தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

ரொக்கக் கல்லாவைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-இல் ரொக்க விற்பனையை வரி ரிட்டனில் முழுதாகக் காட்டாத கடைக்கு இந்தக் கணக்கு கருணை காட்டவில்லை. காட்டாத விற்பனைக்கு இழப்பும் இல்லை, மானியமும் இல்லை. கார்டு வியாபாரம் குறைவாக இருந்த குடும்பக் கடைகளை இது கடுமையாகத் தாக்கியது. மானியம், வங்கிக் கடன், கடையை விற்பது என எதற்குப் போனாலும் ஒரு கடையின் மதிப்பு அதன் ரிட்டனில் இருக்கும் எண்தான்.

விண்ணப்ப வசதியும் நன்றாகவே இருந்தது. கூட்டரசு மானியம் என்றாலே தேவைப்படும் சாம் (SAM) என்ற அரசு இணையப் பதிவு இதற்கு வேண்டியதில்லை. இணைய வாசல் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருந்தது. டோஸ்ட், ஸ்கொயர், க்ளோவர் போன்ற பில்லிங் மெஷின் வழியாகவும் விண்ணப்பிக்க முடிந்தது. 2020 ரிட்டன் தாக்கல் செய்யாதவர்கள் பில்லிங் அறிக்கையும் வங்கி ஸ்டேட்மெண்டும் கொடுக்கலாம். இடறியது 4506-டி படிவத்தில். வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து நம் ரிட்டனை எடுத்துப் பார்க்க எஸ்.பி.ஏ.வுக்கு நாம் கொடுக்கும் அனுமதி அது. போர்டில் இருக்கும் கடைப் பெயரை அதில் எழுதினால் வேலைக்கு ஆகாது. ரிட்டனில் இருக்கும் எல்.எல்.சி. கம்பெனிப் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும்.

இனி வரிசை. மே 3 அன்று வாசல் திறந்தது. முதல் 21 நாட்கள் பெண்கள், முன்னாள் படைவீரர்கள், சமூக-பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்கள் ஆகியோரின் விண்ணப்பங்களுக்கு மட்டும் பணம் போகும் என்பது சட்டம். மூன்றாவது வகையில் கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக், பூர்வகுடியினர், ஆசிய பசிபிக் மக்களோடு துணைக்கண்டத்து ஆசியர்களும் உண்டு. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் எல்லாம் அதில் அடங்கும். குறைந்தது 51 சதவீதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும், நிர்வாகமும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஆவணம் கேட்கவில்லை, சுயசான்று போதும். கணவன் மனைவி பாதிப் பாதி வைத்திருந்து, அந்தப் பட்டியலில் ஒருவர் மட்டும் வந்தால் 50 சதவீதம்தான். ஒரு சதவீதத்தில் முன்னுரிமை போய்விடும்.

இந்த முன்னுரிமைக்கு எதிரான வழக்கு வெடித்ததும் அப்படிப்பட்ட ஒரு கடையிலிருந்துதான். டென்னசியின் ஹாரிமன் ஊரில் இருக்கும் ஜேக்ஸ் பார் அண்ட் கிரில் வெள்ளைக்காரக் கணவருக்கும் ஹிஸ்பானிக் மனைவிக்கும் சரிபாதி சொந்தம். மே 27 அன்று ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இனத்தையும் பாலினத்தையும் வைத்து வரிசை போடுவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. எழுதியவர் இந்திய வம்சாவளி நீதிபதி அமுல் தாப்பர். பாகிஸ்தான் வம்சாவளியினர் பட்டியலில் இருக்க, ஆப்கானியர் ஏன் இல்லை என்ற அவர் கேள்விக்கு அரசிடம் திருப்தியான பதில் இல்லை. டெக்சாஸ் நீதிமன்றமும் இதே திசையில் போனது.

இந்தத் தீர்ப்புகளின் விளைவு கொடுமையானது. மானியம் உறுதி என்று கடிதம் வாங்கியிருந்த 2,965 விண்ணப்பதாரர்களுக்குப் பணம் வராது என்று எஸ்.பி.ஏ. மறு கடிதம் அனுப்பியது. முன்னுரிமை என்று நம்பி அந்தப் பெட்டியில் டிக் அடித்ததே அவர்களைப் பின்னுக்குத் தள்ளியது. மொத்தத்தில் 2,78,000-க்கும் அதிகமான விண்ணப்பங்கள் 7,200 கோடி டாலருக்கு மேல் கேட்டன. பணம் கிடைத்தது சுமார் 1,01,000 பேருக்கு. மீதிப் பேருக்கு ஒரு டாலரும் இல்லை. 2022 மே மாதம் கூடுதல் நிதிக்கான மசோதா செனட்டில் 52-43 என்று, தேவையான 60 வாக்குகளைத் தொடாமல் விழுந்தது.

இங்கேதான் திட்டம் தோற்றது என்பது என் உறுதியான கருத்து. முதலில் வந்தவருக்கு முழுதாகக் கொடுத்து, கடைசியில் நின்றவரை வெறுங்கையோடு அனுப்பும் முறை கணக்காளரும் வழக்கறிஞரும் வைத்திருப்பவருக்குச் சாதகம். கேட்டதையும் இருந்ததையும் வகுத்துப் பார்த்தால் ஒரு டாலருக்கு 40 சென்ட் வீதம் எல்லாருக்கும் கொடுத்திருக்கலாம். 2019 விற்பனை 5 லட்சம் டாலருக்குள் இருந்த கடைகளுக்கு 500 கோடி தனியாக எடுத்து வைத்தது நல்ல யோசனை. இனத்தைக் கேட்காமலே குடியேறிகளின் சின்னக் கடைகளைச் சென்றடையும் வழி அதுதான். அதை இன்னும் பெரிதாக்கியிருந்தால் நீதிமன்றத்தில் நின்றிருக்கும்.

தனியார் மானியங்களும் இப்போது இனத்தைக் கேட்காத பக்கம் திரும்பிவருகின்றன. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் கொடுத்துவந்த அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்டை 2024 ஜூனில் பதினோராவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. சில மாதங்களில் அந்த மானியப் போட்டியே மூடப்பட்டது. ஆகவே “சிறுபான்மையினர் கடை” என்ற வார்த்தையைத் தேடி அலைவதைவிட, கடையின் வயது, ஊர், விற்பனை அளவு இவற்றை வைத்துத் தேடுவது பலன் தரும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஹிஸ்டாரிக் பிரசர்வேஷனும் சேர்ந்து நடத்தும் பேக்கிங் ஹிஸ்டாரிக் ஸ்மால் ரெஸ்டாரண்ட்ஸ் நல்ல உதாரணம். 2021-இல் 25 கடைகளுக்குத் தலா 40,000 டாலரில் தொடங்கி, 2025-இல் 50 கடைகளுக்குத் தலா 50,000 வரை வந்தது. பழைய பேட்டையில் கால் நூற்றாண்டாக அடுப்பு எரியும் குடும்பக் கடைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற திட்டம். ஆனால் இது தேர்வு. இங்கே கணக்கு மட்டும் போதாது, அந்தத் தெருவுக்கு அந்தக் கடை என்ன செய்தது என்று எழுத வேண்டும். பழைய மெனு அட்டை, முதல் வருட லைசென்ஸ், போர்டின் பழைய போட்டோ எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வரட்டும்.

வரியை மறக்கக் கூடாது. 2021 அரசு மானியம் கூட்டரசு வருமான வரிக்கு உட்படவில்லை. தனியார் மானியம் பொதுவாக வருமானமாகவே கணக்கிடப்படும். 50,000 முழுவதையும் புது ஹூடுக்கும் எக்ஸாஸ்டுக்கும் செலவழித்துவிட்டு ஏப்ரலில் வரிக்குக் கடன் வாங்காதீர்கள், ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியைத் தொடுங்கள். சிறுபான்மை நிறுவனச் சான்றிதழுக்குக் காசு கட்டுவது அலுவலகங்களுக்கும் கம்பெனிகளுக்கும் கேட்டரிங் கொடுப்பவருக்குத்தான் உதவும். மானியத்துக்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை. 2021 மானியத்தை இன்றும் வாங்கித் தருகிறேன் என்று சதவீதம் கேட்டு யாராவது போன் செய்தால் அது மோசடி.

நகராட்சிகளின் கடைமுகப்பு மானியங்களில் இன்னொரு கண்ணி உண்டு. பெரும்பாலும் செலவழித்த பிறகுதான் பணம் திரும்பி வரும். ஒப்புதல் கடிதம் வருமுன் வேலையைத் தொடங்கினால் அந்தச் செலவு கணக்கில் சேராமல் போகலாம். வாடகைக் கடை என்றால் கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை முதலில் வாங்குங்கள். அடுத்து இரண்டு மூன்று கான்ட்ராக்டர்களிடம் தேதி போட்ட கொட்டேஷன். அதற்குப் பிறகு விண்ணப்பம்.