தனியாரில் பிள்ளைப்பேற்றுக்குப் பதிகிறவர்கள் சீசர் கணக்கையும் எழுதி வாங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குப் பதிந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பில்லைப் பற்றி நாங்கள் கொடுத்த முறைப்பாடு இன்னும் விசாரணையில் கிடப்பதால் ஆஸ்பத்திரியின் பெயர் போடவில்லை.

தங்கச்சிக்கு இது முதல் பிள்ளை. போதனா வைத்தியசாலையில் கிளினிக் காட்டிக்கொண்டிருந்தவள்தான். அங்கே சீசர் என்றாலும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை. ஆனால் வோர்ட்டில் சனம் கூட, பக்கத்தில் ஆட்களை நிற்க விடமாட்டார்கள் என்று பயந்து அவளுடைய மனுசன் தனியாருக்கு மாற்றினார். கவுண்டரில் சொன்ன கணக்கு: நோர்மல் டெலிவரி, அறை, மருந்து எல்லாம் சேர்த்து 185,000 ரூபாய். சீசர் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "அது கொஞ்சம் கூடும் அக்கா, இப்பவே ஏன் அதை யோசிக்கிறியள்?" என்று சிரித்தார்கள்.

சீசர் தேவைப்பட்டதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணிக்குடம் உடைந்தபோது தண்ணி பச்சையாக வந்தது. பிள்ளை உள்ளேயே மலம் போயிருந்தது. நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் நிற்கவேண்டிய இதயத்துடிப்பு, நோவு வந்து போகிற நேரமெல்லாம் விழுந்து, திரும்ப ஏறுவதற்குச் சுணங்கியது. டொக்டர் துடிப்பு பதிந்த தாளைக் காட்டி விளக்கினார். முள்ளந்தண்டில் விறைப்பூசி போட்டதால் தங்கச்சி முழிப்போடேயே பிள்ளை அழுததைக் கேட்டாள். வெட்டியவரிலும் தாதிமாரிலும் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

குறையெல்லாம் தியேட்டர் கதவுக்கு வெளியே. "ஒப்பரேசனுக்குச் சம்மதம், கெதியா சைன் வையுங்கோ" என்று அவளுடைய மனுசனிடம் ஒரு பைலை நீட்டினார்கள். உள்ளே இரண்டு தாள். ஒன்றில் தங்கச்சி ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தாள். அதுதான் சத்திரசிகிச்சைக்கான சம்மதம். மற்றது, ஆஸ்பத்திரி போடுகிற கட்டணம் முழுவதையும் கட்டுவேன் என்ற உறுதிமொழி. இரண்டும் ஆங்கிலத்தில். உள்ளே பிள்ளையின் துடிப்பு விழுந்துகொண்டிருக்கும்போது எந்தத் தகப்பன் நின்று வாசிப்பான்? அதோடு 200,000 அட்வான்ஸ். கவுண்டரில் நின்ற பெடியன் கேட்டது இன்னும் காதுக்குள் நிற்கிறது: "வெளிநாட்டில ஆரும் இருக்கினமோ? இப்பவே போடச் சொல்லுங்கோவன்." மகன் கனடாவில் என்று மாமி வாயை விட்டுவிட்டா. அதற்குப் பிறகு குறைக்கிற கதைக்கே இடமில்லை.

வீட்டுக்கு விடுகிற அன்று பில் 436,000. அதில் "ஏனையவை" என்று ஒற்றை வரியில் மட்டும் 128,000. பிரித்துத் தரச் சொன்னால், சிஸ்டத்தில் அப்படி வராதாம். நகராமல் நின்ற பிறகு வந்தது. பிள்ளை பராமரிப்பு அலகு என்று போட்டிருந்தார்கள். பிள்ளை தாயின் கட்டிலை விட்டு எங்கேயும் போகவில்லை. பால்மா டின் ஒன்று. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாதியே பிள்ளையைத் தாயின் மார்பில் போட்டவர், அந்த டின்னை நாங்கள் கண்ணாலும் காணவில்லை. பிள்ளை வைத்தியர் மூன்று தரம் வந்தாராம். வந்தது ஒரு தரம். இரவுக் கட்டணம் தியேட்டருக்கு வேறு, டொக்டருக்கு வேறு, மயக்க மருந்து டொக்டருக்கு வேறு. மதியம் கடந்ததால் இன்னொரு நாள் அறை வாடகை. மதியம் கடந்ததே அவர்கள் பில் போடச் சுணங்கியதால்தான்!

முழுதும் கட்டாமல் டிஸ்சார்ஜ் காட் தரமாட்டோம் என்றார்கள். தையலோடு தங்கச்சி கதிரையில் நெளிந்துகொண்டிருந்தாள். கட்டினோம்.

பிறகு பில்லின் பிரதியோடு ஒவ்வொரு வரிக்கும் எழுத்தில் விளக்கம் கேட்டோம். பால்மா, பராமரிப்பு அலகு, வராத வருகைகளுக்கான 61,500 ரூபாய் "பிழையாக ஏறிவிட்டது" என்று திரும்பி வந்தது. இப்படிப்பட்ட இடங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதியப்பட வேண்டியவை. அவற்றை மேற்பார்வை செய்ய தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவை இருக்கிறது. அங்கேயும் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் கையில் இருக்கட்டும்.

பதியும்போதே சீசருக்கு எவ்வளவு, இரவென்றால் எவ்வளவு, மயக்க டொக்டரும் பிள்ளை வைத்தியரும் அதற்குள் அடக்கமா, எத்தனை மணிக்கு மேல் அடுத்த நாள் வாடகை என்று அவர்களுடைய கடிதத்தாளிலேயே எழுதிக் கேளுங்கள். உறுதிமொழித் தாளை வலி தொடங்க முன்பே வாங்கி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எந்த டொக்டர் எத்தனை மணிக்கு வந்தார் என்று கூட நிற்பவர் போனில் குறித்துவைக்கட்டும். எங்களுக்குக் காசு திரும்பி வந்தது அந்தக் குறிப்பால்தான். தனியாரில் பதிந்தாலும் போதனா கிளினிக்கை விடவேண்டாம். பிள்ளைக்கு மூச்சுத் திணறித் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால், அம்புலன்ஸில் அங்கேதான் ஏற்றுவார்கள்.

அந்த இரவுக் கட்டணங்கள் மூன்றுக்கும் மேலதிக நாள் வாடகைக்கும் இன்னும் பதில் இல்லை. வந்தால் இங்கேயே போடுகிறேன்.