ஆபிஸ் சுவிட்ச் தானாக ரூட் ஆகிற தொல்லை: இரண்டு கம்பனிப் பெட்டிகளை ஒரே ரிங்கில் ஓட்டிய அனுபவம்

இந்த நெட்வேர்க் சுவிட்சின் விலை இறங்கியிருக்கிறது, தேயிலைத் தோட்டத்து ஆபிசுக்கு எடுக்கலாமா என்று ஹட்டனிலிருந்து நண்பர் கேட்கிறார். 24 போர்ட், ஃபைபருக்கு 4 எஸ்எஃப்பி, ஃபேன் இல்லாத பெட்டி. மற்ற விவரமெல்லாம் அட்டையிலேயே இருக்கிறது. கம்பனிப் பெயர் தேவையில்லை, இந்த ரகத்தில் வருகிற பலவற்றுக்கும் இதே கதைதான்.

பெட்டி நல்ல பெட்டி. ஃபேன் இல்லாததால் தேயிலைத் தூசை உள்ளே இழுப்பதில்லை, பனி ஈரத்துக்கும் போர்ட் கறுக்கவில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிக்குக் கரண்ட் போய்வருகிற ஊரில் பவர் சப்ளையை மட்டும் ஒருமுறை மாற்ற வேண்டிவந்தது. கட்டடங்களுக்கு இடையே ஓடுவது ஃபைபர் என்பதால் மின்னலுக்கு ஒரு போர்ட்கூடப் பலியாகவில்லை.

எரிச்சல் முழுக்க ஸ்பேனிங் ட்ரீயில்: சுவிட்சுகளை வளையமாக (ரிங்) இணைத்தால் தரவு சுற்றிச் சுற்றி ஓடாதபடி, ஒன்றை ரூட், அதாவது தலைமைச் சுவிட்ச் ஆக்கி, மிஞ்சிய வழியை அடைத்துவைக்கிற முறை அது.

கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு சிஸ்கோ சுவிட்ச், கீழே தராசுப் பக்கம் இன்னொரு சிஸ்கோ, ஆபிசில் இந்தப் புதுப் பெட்டி. மூன்றும் 1 கிகாபிட் ஃபைபரில் முக்கோணமாக இணைந்தவை. சிஸ்கோ இரண்டிலும் ஓடுவது ரெப்பிட் பிவிஎஸ்டி என்ற வகை, அதாவது வீலானுக்கு (ஒரே கேபிளில் பிரித்து ஓட்டும் தனி நெட்வேர்க்) ஒரு மரம். புதியதில் ஓடுவது சாதாரண ஆர்எஸ்டிபி வகை, எல்லா வீலானுக்கும் சேர்த்து ஒரே மரம். இவை இரண்டும் உண்மையில் பேசிக்கொள்வது வீலான் 1 இல் மட்டுமே. மற்ற வீலான்களின் பிபிடியுக்களை (ஸ்பேனிங் ட்ரீ செய்திகளை) சிஸ்கோ தன் சொந்த மல்டிகாஸ்ட் (குழு) முகவரிக்கு அனுப்புகிறது; புதுப் பெட்டி அவற்றைச் சாதாரண மல்டிகாஸ்ட் என்று நினைத்து அப்படியே கடத்திவிடுகிறது.

ரூட்டைத் தீர்மானிப்பது பிரயாரிட்டி எண். சிஸ்கோவில் அதனோடு வீலான் எண்ணும் கூட்டப்படும். கைவைக்காமல் விட்டால் வீலான் 1 க்கு அது 32769. புதியதில் வெறும் 32768. குறைந்த எண் வெல்லும், சமமானால் மெக் முகவரியை, அதாவது கருவியின் சொந்த எண்ணைப் பார்க்கிற கட்டமே வராது. ஆபிஸ் மேசைக்குக் கீழே கிடக்கிற பெட்டி வீலான் 1 க்கு ரூட் ஆகிவிடுகிறது. சிஸ்கோவில் ‘ஷோ ஸ்பேனிங்-ட்ரீ ரூட்’ அடித்தால் வீலான் 1 க்கு நேரே 32768, வீலான் 20 க்கு நேரே 32788 என்று இரண்டு வேறு ரூட் தெரியும்.

தெரிந்தால் என்ன, லூப் இல்லையே என்று விட்டுவிடத் தோன்றும். வீலான் 20 இல் மாடி ரூட், கீழ்ச் சுவிட்ச் ஆபிஸ் பக்கப் போர்ட்டை அடைத்திருக்கிறது என்று வையுங்கள். மாடிக்கும் கீழுக்கும் இடையே ஃபைபர் அறுந்தால் கீழ்ச் சுவிட்ச் அடைத்த போர்ட்டைத் திறந்து, மாற்றத்தை அறிவிக்கும். அந்த அறிவிப்பு புதுப் பெட்டிக்குப் புரியாது. வீலான் 1 இலும் அதற்குச் செய்தி வராது, ஏனென்றால் அங்கே ரூட் அதுவேதான். அந்த வீலானில் மாடி–கீழ் இணைப்பு முன்பே அடைபட்டுக் கிடந்தது. ஆகவே எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்று குறித்துவைத்த தன் மெக் டேபிளை அது அழிக்காது. கமராக்கள் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பதால் உடனே புது வழியில் பதிவாகிவிடும். கொழுந்துத் தராசு அப்படியில்லை, சேர்வர் கேட்டால்தான் வாய் திறக்கும். கேள்வி பழைய போர்ட்டில் போய்த் தொலைகிறது. டேபிளின் வழக்கமான ஆயுள் 300 விநாடி, அதுவரை தராசு காணாமல் போகலாம்; இடையில் சேர்வர் ஆர்ப் பிராட்காஸ்ட் (இந்த ஐபி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்பது) போட்டால் முன்கூட்டியே வரும். இதனால்தான் கோளாறு ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது, பழி தராசுக்காரன் தலையில் விழும்.

மருந்தை சிஸ்கோவில் போடுங்கள். மாடியில் வீலான் 1, 10, 20 எல்லாவற்றுக்கும் பிரயாரிட்டி 4096, கீழே 8192. வீலான் 1 ஐ மறந்தால் வேலை பாழ். புதுப் பெட்டியில் 61440 வைக்கலாம், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம்: வெப் பக்கத்தில் ‘அப்ளை’ வேறு, ‘சேவ்’ வேறு. சேவ் அமுக்காமல் விட்டால் அடுத்த கரண்ட் வெட்டுக்குப் பிறகு மறுபடி 32768. இப்படி வைத்தால் அடைப்பு புதுப் பெட்டியின் கீழ்ப் பக்கப் போர்ட்டில், எல்லா வீலானுக்கும் ஒரே இடத்தில் விழும். அறுந்தால் அதுவே திறந்து, டேபிளையும் தானே அழிக்கும். ஒரே மரம் என்பதால் சுவிட்சுகளை இணைக்கிற மூன்று ட்ரங்கிலும் எல்லா வீலானும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். பாத் கொஸ்ட்டும் (ஒவ்வொரு வழிக்கும் போடும் செலவு எண்) பாருங்கள்: பழைய கணக்கில் 1 கிகாபிட்டுக்கு 4, புதிய கணக்கில் 20000. முக்கோணத்தில் தப்பிக்கலாம், பெட்டி கூடினால் அடைப்பு எங்கேயோ போய் விழும். சிஸ்கோவில் ‘லோங்’ முறைக்கு மாற்றிவிடுங்கள்.

சிஸ்கோ போர்ட்டில் ரூட் கார்ட் (எதிர்ப்பக்கப் பெட்டி ரூட் ஆகாமல் தடுக்கும் காவல்) போடலாமே என்பவர்களுக்கு: புதுப் பெட்டி ரூட் கேட்கும்போது வீலான் 1 மட்டும் அடைபடும். பெட்டியை நிர்வகிக்க நுழைகிற மெனேஜ்மென்ட் ஐபி வீலான் 1 இல் இருந்தால், திருத்த வேண்டிய பெட்டிக்குள்ளேயே நுழைய முடியாது.

இதெல்லாம் செய்தபின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. குற்றம் பெட்டியில் இல்லை, தரப்படிதான் நடக்கிறது என்பதும் தெரியும். இருந்தும் விலை பாதியானாலும் ரிங்குக்கு இன்னொன்று எடுக்க மாட்டேன். ஒற்றைக் கேபிளில் தொங்குகிற மடுவத்துக்கோ குவாட்டர்சுக்கோ தாராளமாக எடுங்கள். ரிங்கில்தான் போடுவேன் என்றால், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை மாடி–கீழ் ஃபைபரைக் கழற்றிவிட்டு, தராசு பதில் சொல்ல எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.