ஃபிளானல் பட செட்: ஐந்து நாள் ஊழியப் பயணத்துக்குத் தாங்குமா?

ஃபிளானல் துணி போர்த்திய போர்டில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வேதாகமக் கதை சொல்ல உதவும் வெட்டுப் படங்கள்தான் ஃபிளானல் பட செட். விடுமுறை வேதாகமப் பள்ளிக்காகச் சென்னை வேப்பேரி பக்கத்துக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் வாங்கும் ஃபிளானல் பட செட்டையே, இலங்கை மலையகத்துக்கு ஊழியத்துக்குப் போகிற குழுக்களும் பெட்டியில் வைக்கின்றன. கரண்ட் இல்லாத இடத்திலும் நடத்தலாம் என்பதால் நல்ல தேர்வுதான். ஆனால் கடையில் கொடுத்தபடியே கொண்டுபோனால் இரண்டாம் நாளே படங்கள் தரையில் கிடக்கும்.

துணியிலேயே அச்சான செட் விலை கூடுதல், தொல்லை இல்லை. தாளில் அச்சாகிப் பின்னால் ஃபிளானல் துண்டு ஒட்டிய மலிவு செட்டில்தான் வம்பு. இழையோடு இழை சிக்குவது மட்டுமே இதற்குப் பிடிமானம். ஹட்டன், நுவரெலியா ஈரக் காற்றில் தாள் சுருண்டு ஓரம் தூக்கும், பிறகு மொத்தமாக விழும். ஹார்டுவேர் கடை உப்புத்தாளை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, சொரசொரப்பு வெளியே இருக்கும்படி ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இரண்டு மூன்று இடத்தில் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். பசை வேண்டாம், அதன் ஈரமே தாளை வளைத்துவிடும். போர்டைச் சற்றுப் பின்சாய்த்து வையுங்கள், ஃபேனுக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்த குறை, அடுக்கு. மாற்கு 4-இல் புயலடிக்கும் கதைக்குப் போர்டில் படகு, அதன்மேல் சீஷர்கள், அதற்கும் மேல் அலை. மூன்றாவது அடுக்கு நிற்கவே நிற்காது, படங்களின் முன்பக்கம் வழுவழுப்பு. அலையைப் படகைவிட அகலமாக ஃபெல்ட் துணியில் நீங்களே வெட்டினால் இரு ஓரமும் போர்டைப் பிடித்துக்கொள்ளும்.

படம் பாதி வேலையைச் செய்துவிடும். 38-ஆம் வசனத்தில் வரும் 'பின்னணியம்' பிள்ளைகளுக்குப் புரியாது; தூங்கும் இயேசுவைப் படகின் பின்கோடியில் வைத்தால் விளக்கமே தேவையில்லை. அடுத்த வசனத்தில் கடலைப் பார்த்து இயேசு சொல்லும் 'இரையாதே' (சத்தம் போடாதே) என்பதற்கு மட்டும் நின்று பொருள் சொல்லுங்கள். இரை என்றால் கோழித் தீனி என்றுதான் சின்னப் பிள்ளைகள் நினைக்கும்.

கதைக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். சிங்களத்தில் மொழிபெயர்ப்பாளர் வைத்தால் அதில் பாதியைத்தான் உங்களுக்கென்று கணக்கிட வேண்டும்.

இலங்கையின் சுற்றுலா விசா ஊழியத்துக்கானது அல்ல. அழைக்கும் சபையிடம் விசா வகையை முதலிலேயே பேசிவிடுங்கள். நேபாளத்துக்கு விசா வேண்டாமே என்று இதே செட்டோடு கிளம்புகிறவர்களும் உண்டு. அந்நாட்டின் 2015 அரசியலமைப்பு 26-ஆம் பிரிவு மதம் மாற்றுவதைத் தடுக்கிறது, குற்றவியல் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை. பொது இடத்தில் போர்டை விரித்தால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அழைத்த சபைதான்.

கதைக்கொரு ஜிப் கவர் போட்டு, படங்களின் பின்னால் வைக்கும் வரிசையைப் பென்சிலில் எழுதுங்கள். கத்தரிக்கோல் செக்-இன் பெட்டியில் போகட்டும். போர்டுத் துணியை மடிக்காமல் சுருட்டுங்கள், மடிப்பு விழுந்த கோட்டில் எந்தப் படமும் ஒட்டாது.